உள்ளிருந்தும் திறக்கும் மூடி

“சனி. ஆடி அமாவாசைக்கு மறுநாளின் மறுநாள். பெரியக்காவின் காரிலிருந்து பெற்றோல் தாங்கி இறக்கப்பட்டது. பின் சீற்றுக்குக் கீழே தரைத் தகட்டை வெட்டி, பெற்றோல் பம்புக்கு வழி வைத்தாயிற்று. மூடி இரண்டு பக்கமிருந்தும் திறக்கும்.”

எரிபொருளுக்காக நாடே தெருவில் நின்ற ஆண்டில் நான் எழுதிய நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது. நாளையும் நடந்ததையும் எழுதுவது என் பழக்கம். காரணங்களை எழுதுவதில்லை. கடைசி வசனத்துக்குக் கீழே மட்டும் ஒரு கோடு கீறியிருக்கிறேன்.

பெரியக்கா என் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர். அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. ஊரில் எல்லோருக்கும் அவர் பெரியக்கா, அவருடைய தங்கச்சி சின்னக்கா. சாவகச்சேரிச் சந்தைப் பக்கமிருந்து உள்ளே வரும் ஒழுங்கையில் அவர்களுடையது கடைசி வீடு. இருவரும் கலியாணம் செய்யவில்லை. பெரியக்கா தபால் கந்தோரில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சின்னக்கா தையல் படிப்பித்தவர். சிறுநீரகம் பழுதாகிய பிறகு வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், இரத்தம் சுத்திகரிக்க யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய் வந்தார். கூட்டிக்கொண்டு போனது பெரியக்காவும் அந்த வெள்ளைக் காரும்.

அந்த வீட்டுக்கு முதன்முதலாகப் போகிறவர்கள் ஒரு சங்கதியைக் கவனிக்கச் சற்று நேரம் எடுக்கும். கவனித்த பிறகு கண் அதையே தேடும். அங்கே மூடியிருக்கும் எந்தப் பொருளையும் உள்ளேயிருந்தும் திறக்கலாம். உடுப்பு அலுமாரியின் கதவுக்கு உட்புறம் ஒரு கொக்கி. களஞ்சிய அறைக் கதவின் தாழ்ப்பாளை உள்ளிருந்து கைவிட்டு நீக்கத்தக்கதாக ஒரு துளை. கூரைக்குக் கீழே பலகை அடித்த இடத்தில் ஒரு சதுர மூடி, அதற்கும் மேல்பக்கத்தில் ஒரு பிடி. கிணற்றுக்கு இரும்பு வலை போட்டபோது அதன் பூட்டைக் கீழேயிருந்தும் எட்டும்படி வைக்கச் சொன்னாராம். வலை செய்தவர் அதைச் சந்தை முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

கோழிக்கூட்டுக்குக்கூட உட்பக்கம் ஒரு கொக்கி. ஒருமுறை நான் கேட்டேன்.

“பெரியக்கா, கோழிக்குக் கொக்கி திறக்கத் தெரியுமோ?”

“கீரி உள்ளுக்குப் பூந்தால் தெரிஞ்சு கொள்ளும்.”

“தெரியாட்டி?”

“அது கோழியின்ரை பாடு, தம்பி. நான் வைச்சு விடுறது என்ரை பாடு.”

பகிடி என்றுதான் நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

மூடியிருக்கும் எதையும் திறப்பதற்கு முன் அவர் தட்டுவார். அலுமாரியையும் தட்டுவார், அரிசிப் பீப்பாவையும் தட்டுவார். விரல் மடக்கி, பெரிய சத்தமில்லாமல், ஒரு வீட்டுக்காரரைக் கூப்பிடுவது போல. தட்டிவிட்டுக் கொஞ்சம் பொறுத்துத்தான் கையை வைப்பார். கந்தோரில் இருந்த காலத்துப் பழக்கம் என்று சின்னக்கா சொல்வார். பெரியக்காவே ஒருநாள் இன்னும் விளக்கமாகச் சொன்னார்.

“சும்மா கிடக்கிற லைனும், ஆரோ பிடிச்சுக்கொண்டு பேசாமல் இருக்கிற லைனும் ஒண்டில்லை. காது வைச்சால் தெரியும். ஒண்டிலை ஒண்டுமில்லை. மற்றதிலை ஆள் இருக்கும், பேசாது.”

“மூச்சுச் சத்தமோ?”

“மூச்சும் இல்லை. ஆள்.”

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் சில இடங்களில், உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் சவப்பெட்டிக்குள்ளிருந்து கயிறு ஒன்றை வெளியே கொண்டுவந்து மணி கட்டினார்கள் என்று எங்கோ வாசித்திருந்தேன். வாசித்ததை ஒருவருக்குச் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. வேலிக்கு மேலால் அவருக்குச் சொன்னேன். தேங்காய்த் துருவலைக் கோழிக்குப் போட்டுக்கொண்டு கேட்டார்.

“மணி அடிச்சால் ஆர் வருவினம்?”

“காவல்காரன் வருவான்.”

“அவன் நித்திரையெண்டால்? ஷெல்லடியிலை ஓடிப்போட்டான் எண்டால்? மணி கட்டினவை முட்டாள்கள், தம்பி. ஒரு கொக்கி வைச்சிருக்கலாம்.”

அவர் ஏன் அப்படி ஆனார் என்பதற்கு என்னிடம் இருப்பது ஒரேயொரு வசனம். இடம்பெயர்வுகளைப் பற்றிப் பொதுவாகக் கதைத்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் அவர் அதைச் சொன்னார். “நாங்கள் வெளியாலை நிண்டு திறந்தனாங்கள். அது நேரஞ்சென்றிட்டுது.” எதைத் திறந்தீர்கள், உள்ளே யார், எந்த ஆண்டு என்று கேட்டேன். “உமக்கு எல்லாத்துக்கும் திகதி வேணும்” என்று எழும்பிப் போய்விட்டார். சின்னக்காவிடமும் கேட்டேன். தனக்கு அப்போது சின்ன வயது, தன்னைக் கொடிகாமத்தில் ஒரு வீட்டில் விட்டிருந்தார்கள், அக்கா தன்னிடமும் சொன்னதில்லை என்றார்.

இனிப் பம்பின் கதை.

அந்தக் காரின் பெற்றோல் பம்ப் தாங்கிக்குள்ளேயே இருக்கிறது. சுற்றியுள்ள பெற்றோல்தான் அதைச் சூடேறாமல் காப்பது. வரிசைக் காலத்தில் எவருடைய தாங்கியும் நிறைந்திருக்கவில்லை. அடியில் கிடந்த கலங்கலை உறிஞ்சி உறிஞ்சி ஊரெங்கும் பம்புகள் எரிந்தன. பெரியக்காவினது ஒரு செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரியால் திரும்பி வரும் வழியில், கைதடி வெளியில் நின்றுபோனது. மத்தியான வெயில். நிழலுக்கு ஒரு மரமில்லை. வீதியில் வாகனமும் இல்லை. இரத்தம் சுத்திகரித்த பிறகு சின்னக்காவுக்குப் பிறசர் இறங்கிவிடும். அவர் பின் சீற்றில் படுத்திருக்க, பெரியக்கா யன்னல்கள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, நான்கு கதவுகளையும் விரியத் திறந்து வைத்துவிட்டு, வீதியில் நின்றிருக்கிறார். இரண்டு மணித்தியாலம் கழித்து ஒரு உழவு இயந்திரக்காரர் கட்டி இழுத்து வந்து விட்டார்.

“அடுத்த வெள்ளி தவறக்கூடாது” என்றார் பெரியக்கா. “இரண்டு முறை தவறினால் நெஞ்சுக்குள்ளை தண்ணி கட்டும் எண்டு டொக்டர் சொன்னவர்.”

அந்த வெள்ளி ஓட்டோ ஒன்றைக் கெஞ்சிப் பிடித்துப் போனார்கள். அது ஒவ்வொரு முறையும் நடக்கக்கூடிய காரியமல்ல. ஓட்டோக்காரருக்கும் பெற்றோல் இல்லை.

கராஜில் விட்டால் தாங்கியைக் கீழே இறக்கித்தான் பம்பை எடுக்கவேண்டும். அதற்கு ஒரு நாள் போகும். அதைவிட, வரிசையில் கிடந்து வாங்கிய பெற்றோல் அதற்குள் இருந்தது. “காரை விட்டிட்டு வரலாம், பெற்றோலை விட்டிட்டு வரேலாது” என்பது அப்போது எல்லோரும் சொன்ன கதை. ஆகவே மெக்கானிக் யோகன் வீட்டுக்கே வந்தான். இந்த முறை தாங்கியை இறக்குவது, இறக்கியிருக்கும்போதே பின் சீற்றுக்குக் கீழே தரையில் ஒரு வழி வெட்டிவிடுவது, இனிமேல் பம்ப் பழுதானால் சீற்றைத் தூக்கி மேலாலேயே கழற்றுவது என்பது பெரியக்காவின் திட்டம். சில கார்களில் அப்படி ஒரு மூடி செய்யும்போதே வைத்திருக்கிறார்கள். இதில் இல்லை.

“உதைச் செய்தவனுக்குத் தங்கச்சி இல்லைப் போலை” என்றார்.

யோகன் தாங்கியை இறக்கி வளவின் அந்தத் தொங்கல் மூலைக்குக் கொண்டுபோய் ஈரச்சாக்குப் போட்டு மூடினான். பம்ப் வரும் இடத்தைக் கீழேயிருந்து அளந்து தரையில் கீறினோம். நான் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்தேன். சின்னக்கா விறாந்தையில் கதிரை போட்டு இருந்து முழுவதையும் பார்த்தார்.

வெட்டிய வழிக்கு மூடியாகத் தடித்த தகடு ஒன்று. ஓரத்தில் ரப்பர். நான்கு மூலையிலும் புரி வெட்டிய கம்பி. விரலால் திருகுவதற்குக் காது வைத்த நட்டுகள். யோகன் மேல் நட்டுகளைப் போட்டு முடித்தான்.

“கீழாலையும் காது நட்டுப் போடும்” என்றார் பெரியக்கா.

“கீழாலை ஆரக்கா திறக்கிறது? பம்போ?”

“போடும்.”

“இல்லை, அறிஞ்சு வைச்சால் நானும் அவருக்கு ஒரு ஸ்பனர் குடுத்து விடலாம்.”

“போட்டுவிடு யோகன்” என்று சின்னக்கா விறாந்தையிலிருந்து சொன்னார். “கேட்டு வெல்லேலாது. எங்கடை வீட்டிலை நுளம்புக்கும் வாசல் இருக்கு.”

அவன் கம்பிகளைக் கழற்றிக் கீழ்முனைக்கும் காது நட்டுப் போட்டான். மேல் நட்டைக் கழற்றினால் மூடியை மேலே தூக்கலாம். கீழ் நட்டைக் கழற்றினால் மூடி கம்பியோடு சேர்ந்து மேலே தள்ளுப்படும். தாங்கியைத் திரும்ப ஏற்றிய பிறகு, கீழ் நட்டுகளுக்கும் தாங்கிக்கும் நடுவில் இருந்த இடைவெளி இரண்டு விரல்தான். மூடி பூட்டியிருந்தால் வெளியேயிருந்து ஒரு கை அங்கே போக வழியில்லை. யோகன் அதை எனக்குக் காட்டினான்.

“பாருங்கோ அண்ணை. இனி உதைக் கீழாலை கழட்டுறதெண்டால் உள்ளுக்குத்தான் குடியிருக்க வேணும்.”

அதன் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. செவ்வாயும் வெள்ளியும் காலையில் பெரியக்கா பின் சீற்றைத் தூக்குவார். மூடியில் தட்டுவார். பொறுப்பார். பிறகு நட்டுகளைக் கழற்றி, பம்பின் தலையில் இருக்கும் வயரையும் குழாயையும் தொட்டுப் பார்த்து, திரும்ப மூடுவார். கார்த் திறப்பை ஒரு சொட்டுத் திருப்பினால் பம்ப் சிறிதாக முனகி ஓயும். அந்த முனகலைக் கேட்ட பிறகுதான் ஸ்ராட் பண்ணுவார். முன் சீற்றில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கும் சின்னக்கா சில நாள் பகிடி விடுவார்.

“ஆரெண்டு கேளுங்கோவன் அக்கா. ஆக்களெண்டால் அவையையும் ஏத்திக்கொண்டு போவம்.”

ஐப்பசி மழை தொடங்கியபோது பகிடி குறைந்தது. ஊசி ஏற்றும் இடது கையில் நரம்பு கயிறுபோலப் புடைத்திருந்தது. அதைச் சேலைத் தலைப்பால் மூடியபடி வேலியடிக்கு வந்து நிற்பார். “எனக்கு அந்த மிசின் காணும், தம்பி” என்று ஒருநாள் சொன்னார். சந்தையில் வாழைக்காய் விலை சொல்லும் குரலில்தான் சொன்னார். “அதிலை படுத்திருக்கேக்கை என்ரை இரத்தம் வெளியாலை போய்ப் போய் வருகுது. ஒருநாள் வராமல் விட்டால் என்ன எண்டு பார்த்துக்கொண்டு கிடப்பன்.” அக்காவிடம் சொன்னீர்களா என்றேன். “அவவுக்குச் சொல்லேலாது. அவ திறக்கிற ஆள். விடுற ஆள் இல்லை.”

கார்த்திகை விளக்கீட்டுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை கார் ஸ்ராட் வரவில்லை.

வெயில் ஏறிய பிறகு, ஒன்பது மணி போல, பெரியக்கா என்னைக் கூப்பிட்டார். குரலில் பதற்றம் இல்லை. நான் போனபோது பின் சீற்றைத் தூக்கி வைத்துவிட்டு அதன் முன்னால் குந்தியிருந்தார். மூடி தன்பாட்டில் ஒரு பக்கமாகக் கிடந்தது. நான்கு கம்பிகளும் அதிலேயே நின்றன. மேல் நட்டுகள் இறுக்கமாக இருந்தன. நான் விரலால் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. கீழ் நட்டுகள்தான் இல்லை. நான்கும் தாங்கியின் மேல், பம்பின் தலையைச் சுற்றிக் கிடந்தன. பம்புக்குப் போகும் வயரின் பிளக் கழன்றிருந்தது. பெற்றோலைக் கம்பி விட்டுப் பார்த்தோம். ஒரு சொட்டும் குறையவில்லை.

சுற்றவர நல்ல வெளிச்சம். கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. பக்கத்து ஒழுங்கையில் மீன்காரரின் ஹோர்ண் கேட்டது.

பெரியக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை ஆண்டுகளில் அந்த முகத்தில் நான் காணாத ஒரு மலர்ச்சி.

“திறக்கத் தெரிஞ்சிருக்கு, பாரும்” என்றார்.

முன் சீற்றில் சின்னக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

பிளக்கைச் செருகி, கீழ் நட்டுகளைக் கம்பியில் திரும்பப் போட்டு மூடினோம். பம்ப் முனகியது. பிந்திப் போனார்கள், ஆனால் போனார்கள். நான் அன்றே யோகனிடம் சொன்னேன். அவன் சந்தேகப்படவில்லை.

“எங்கடை ஒழுங்கையிலை ஓடினால் மனிசன்ரை பல்லே கழருது அண்ணை. கீழ் நட்டு ஆடி ஆடிக் கழண்டிருக்கும்.”

“நாலுமோ?”

“ஒண்டு கழண்டால் மற்றதும் கழரும்.”

“பிளக்?”

“அதின்ரை பூட்டு உடைஞ்சிருக்கும்.”

“மூடி பக்கத்திலை கிடந்தது.”

“துள்ளி விழுந்திருக்கும்” என்றவன், கொஞ்சம் யோசித்து, “சீற்றுக்குக் கீழை எப்பிடித் துள்ளுறது?” என்று தன்னையே கேட்டான்.

நானும் வேறு வழியில் யோசித்துப் பார்த்தேன். யாராவது மேலால் மூடியைத் திறந்து, பிளக்கைக் கழற்றி, வெட்டிய வழியால் கையை விட்டுக் கீழ் நட்டுகளையும் எடுத்துவிட்டு, மேல் நட்டுகளை மீண்டும் இறுக்கி வைத்திருக்கலாம். முடியாத காரியமல்ல. கார் திறந்த கொட்டிலில்தான் நின்றது. வீட்டில் இருந்தது இரண்டு பேர். ஆனால் பின் சீற்றைத் தூக்க இரண்டு கை வேண்டும், சின்னக்காவின் இடது கையால் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது. இவ்வளவையும் எழுதினேன். எழுதி முடித்தபோது ஒன்றும் தெளிவாகவில்லை.

அடுத்த செவ்வாய் திரும்பவும் அப்படியே. மேல் நட்டுகள் இறுக்கம், கீழ் நட்டுகள் தாங்கியின் மேல், பிளக் கழன்று. இந்த முறை யோகனும் நானும் முன்னாலேயே சொல்லிவைத்துப் பார்க்க வந்திருந்தோம். பெரியக்கா பிளக்கைச் செருகக் குனிந்தபோது சின்னக்கா காரிலிருந்து இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அக்கா, விடுங்கோ.”

“ஏறு. நேரம் போகுது.”

“ஆரோ எனக்காகத் திறந்து விடினம். விடுங்கோவன்.”

“ஏறு எண்டு சொல்லுறன்.”

“உள்ளுக்கு இருக்கிறவைக்கு வெளியாலை வர விருப்பமெண்டால் வர விடவேணும் எண்டு நீங்கள்தானே இவ்வளவு காலமும் வீடு முழுக்கக் கொக்கி அடிச்சனீங்கள்.” அவர் சேலைத் தலைப்பை விலக்கி இடது கையை நீட்டினார். “நான் உள்ளுக்கு இருக்கிறன், அக்கா. எனக்கு எந்தப் பக்கம் கொக்கி?”

யோகன் சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தான். பெரியக்கா பிளக்கைச் செருகினார். முதல் இரண்டுமுறை தவறியது. பிறகு தங்கச்சியின் தோளைப் பிடித்து, பிள்ளையை ஏற்றுவது போல முன் சீற்றில் ஏற்றி, கதவைச் சாத்தினார். அவர் ஒரு கதவை அவ்வளவு பலமாகச் சாத்தி நான் கேட்டதில்லை.

மறுநாளே யோகனைக் கூப்பிட்டு மூடியை வெல்டிங் பிடிக்கச் சொன்னார்.

“தாங்கிக்கு மேலை வெல்டிங் பிடிச்சால் நாங்கள் எல்லாரும் ஒரே நாளிலை போகலாம், அக்கா. செலவும் மிச்சம்.”

“அப்ப ஆணி அடியும். திறக்கேலாமல் அடியும்.”

“பம்ப் பழுதானால்?”

“தாங்கியை இறக்குவம்.”

“பிறகென்னத்துக்கு இவ்வளவு பாடுபட்டு வெட்டினது?”

பெரியக்கா பின் சீற்றைத் தூக்கிப் பிடித்தார். அவன் கம்பிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மூடியைச் சுற்றவர அலுமினிய றிவிற் ஆணி அடித்தான். அந்த வீட்டில் உள்ளேயிருந்து திறக்க முடியாத முதல் மூடி அது. இரண்டாவதை அந்தக் கிழமையே கண்டேன். சின்னக்காவின் அறைக் கதவின் உட்பக்கக் கொக்கியைக் கழற்றியிருந்தார்கள். ஆணி இருந்த துளைகள் மட்டும் மரத்தில் தெரிந்தன.

கார் ஓடியது. மார்கழி, தை, மாசி, ஒரு செவ்வாய் தவறவில்லை, ஒரு வெள்ளி தவறவில்லை. வரிசைகள் குறைந்து பெற்றோல் தாராளமாகக் கிடைத்தது. அக்காவும் தங்கச்சியும் தேவைக்கு மட்டும் கதைத்தார்கள். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் பெரியக்கா பின் சீற்றைத் தூக்குவதை மட்டும் விடவில்லை. தொட்டுப் பார்க்க இனி ஒன்றுமில்லை, தகடு மட்டும்தான். இருந்தாலும் தட்டுவார். முன்பு தட்டிவிட்டுத் திறப்பார். இப்போது தட்டிவிட்டுக் காதைத் தகட்டில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பார். றிவிற் விளிம்பு காதில் அழுந்தும். காது சிவந்துவிடும்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

“என்ன கேக்குது, பெரியக்கா?”

“ஒண்டுமில்லை.”

“பிறகேன்?”

அவர் சீற்றை இறக்கி, தூசி தட்டிவிட்டுச் சொன்னார். “லைன் கட்டாகேல்லை, தம்பி. பிடிச்சுக்கொண்டு இருக்குது. பேசுதில்லை.”

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை கார் கொட்டிலில் நின்றது. நான் வேலியடியில் நின்று கேட்டேன். “ஸ்ராட் வரேல்லை, தம்பி” என்றார். ஓட்டோ கூப்பிடட்டுமா என்றேன். யோகனுக்குச் சொல்லியாயிற்று, வருவான், தங்கச்சி நித்திரை கொள்கிறா என்றார். உச்சி வெயிலில் விறாந்தையில் கதிரை போட்டு, சின்னக்காவின் அறைக் கதவுக்கு நேரே இருந்தார். கதவு விரியத் திறந்திருந்தது. வெள்ளிக்கிழமையும் கார் நின்றது. அன்று அவர் வேலியடிக்கு வரவில்லை. சனிக்கிழமை மத்தியானம் சின்னக்கா காலமானார். நெஞ்சுக்குள் தண்ணீர் கட்டிவிட்டது என்று செத்தவீட்டில் சொன்னார்கள்.

தன்னை அந்தக் கிழமை ஒருவரும் கூப்பிடவில்லை என்று யோகன் சொன்னான். பெரியக்காவுக்கு மறந்திருக்கும் என்றும் அவனே சொன்னான்.

அந்தியேட்டிச் சடங்கு முடிந்ததும் காரை மயிலிட்டியைச் சேர்ந்த ஒரு கடற்றொழிலாளிக்கு விற்றார். நான் சாட்சிக் கையெழுத்து வைத்தேன். வாங்க வந்தவர் திறப்பைத் திருப்பினார். முதல் திருப்பலிலேயே கார் ஸ்ராட் வந்தது. பெரியக்கா அப்போது விறாந்தையில் கோழிக்குத் தீன் பிசைந்துகொண்டிருந்தார், தலை நிமிர்த்தவில்லை. பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு மட்டக்களப்பில் ஒரு மச்சாளிடம் போனார். இந்த ஆண்டு மாசியில் அங்கே காலமானார் என்று மச்சாள் தொலைபேசியில் சொன்னார்.

சென்ற மாதம் மயிலிட்டிக்காரர் என்னைக் கூப்பிட்டார். சாட்சிக் கடதாசியில் என் இலக்கம் இருந்திருக்கிறது. பம்ப் பழுதாகிவிட்டது, மெக்கானிக் சீற்றைத் தூக்கிப் பார்த்தாராம், தாங்கியை இறக்காமல் மேலாலேயே மாற்றிவிட்டார்களாம்.

“ஆர் செய்தது அண்ணை உது? நல்ல சுகமாய்க் கிடக்கு. நட்டைக் கையாலை கழட்டினனாங்கள்.”

றிவிற் அடித்திருந்ததே என்றேன்.

“றிவிற் இல்லை. இருந்த ஓட்டையள் சுத்தவரக் கிடக்கு. நாலு கம்பி போட்டு, மேலாலையும் கீழாலையும் காது வைச்ச நட்டுப் போட்டுக் கிடக்கு. கீழாலை என்னத்துக்கு எண்டுதான் விளங்கேல்லை.”

மயிலிட்டிக்குப் போய் அந்த மூடியை நான் பார்க்கவில்லை. அவர் பொய் சொல்லக் காரணமும் இல்லை. றிவிற்றுகளைத் துளைத்து எடுப்பதற்குப் பெரியக்காவிடம் ஒரு கைத் துறப்பணம் இருந்தது. கைப்பிடியைச் சுற்றும்போது அது கிரீச்சிடும். காரைக் கொடுத்த நாளில் வாங்குகிறவருக்கு உதவட்டும் என்று அவர் மூடியைப் பழையபடி செய்து வைத்திருக்கலாம். அல்லது அந்தப் பங்குனிச் செவ்வாய்க்கு முன்னரே, தங்கச்சி கேட்டதற்கு மறுமொழியாக, அதைத் திறந்து பிளக்கைத் தன் கையாலேயே கழற்றியிருக்கலாம். செத்தவீட்டுக்கு முன்னரா பின்னரா என்று தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

துறப்பணம் கிரீச்சிடுவதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு மத்தியானம் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விட்டுவிட்டுக் கேட்டது. இடையிடையே இரண்டு பெண்கள் கதைக்கும் குரலும் கேட்டதாக நினைக்கிறேன், ஆனால் இரண்டு குரலா ஒன்றா என்று சத்தியம் பண்ணமாட்டேன். நாட்குறிப்பை மாசியிலிருந்து சித்திரை வரை புரட்டிப் பார்த்துவிட்டேன். அது எந்த நாள் என்று எங்கும் எழுதியில்லை. ஆகவே றிவிற் எடுக்கப்பட்ட திகதி உறுதிப்படுத்தப்படவில்லை.